பின்னலாடை கம்பெனிகளில் தொழிலாளர் உடல்நலத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கத்து பின்னலாடை நிறுவனங்களில் முதலாளிகளும் எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும் லைன் சூப்பர்வைசர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகள் இருக்கின்றன. எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வரும்.

ஏனுங்க, நலத் திட்டம்னா என்ன? யோகா கிளாஸா, மெடிக்கல் கேம்ப்பா?

இரண்டும் அதில் வரலாம், ஆனால் இரண்டுமே கடைசியில் வரவேண்டியவை. வேலை செய்யும் இடத்தில் ஒருவருடைய உடம்பு எதனால் கெடுகிறது என்று பார்த்து, அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஏற்கெனவே கெட்டிருப்பதைக் கண்டுபிடித்து சிகிச்சைக்கு அனுப்பி, குணமானதா என்று திரும்பிப் பார்ப்பதுதான் திட்டம். தண்ணீர், கழிவறை, சூடு, நாற்காலி, வெளிச்சம், சூப்பர்வைசர் பேசும் விதம் ஆகியவை முதல் வரிசை. பரிசோதனையும் சிகிச்சையும் இரண்டாவது. யோகா, விளையாட்டுப் போட்டி, உணவு பற்றிய பேச்சு எல்லாம் மூன்றாவது.

கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டிய லைனில் (தையல் மிஷின் வரிசையில்) 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்று போஸ்டர் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அங்கே வேலை செய்யும் பெண் அந்த போஸ்டரைப் படித்துவிட்டு, காலையில் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்.

இதெல்லாம் சட்டத்துலயே இருக்குதே, தனியா எதுக்குத் திட்டம்?

சட்டம் சொல்வது அடித்தளம் மட்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம், 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று வரம்பு வைத்தது. குடிநீர் வைக்கும் இடம் கழிவறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கான வரம்பை 100 பேராகவும், நல அலுவலருக்கான வரம்பை 500-லிருந்து 250 பேராகவும் இறக்கியிருக்கிறது. குறிப்பிட்ட பிரிவினருக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்பதும் அதில் வருகிறது.

முதலுதவிப் பெட்டி சுவரில் மாட்டியிருந்தால் ஆடிட்டில் டிக் விழும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே பேண்டேஜ் இருக்கிறதா, ஊசி விரலில் ஏறினால் யார் பார்ப்பார்கள் என்பதைத் திட்டம்தான் கேட்கும்.

உண்மையிலேயே பலன் இருக்குதா, இல்ல பையருக்கு (ஆர்டர் தர்ற நிறுவனத்துக்கு) காட்டறதுக்கா?

எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. சில கிளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய வகுப்புகள் நடத்தினார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வகுப்பு மட்டும் நடத்தினால் இவ்வளவுதான்.

வேலை நடக்கும் இடத்தையே மாற்றினால் கதை வேறு. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கு போட்டபோது, லைனில் சூடு குறைந்து, வெயில் அதிகமான நாட்களில் உற்பத்தி கூடியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. அசாமில் 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், வெள்ளெழுத்துக்கு (அருகில் இருப்பது மங்கலாகத் தெரிவதற்கு) கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். இலை பறிப்பதற்கே அப்படி என்றால், ஊசிக் காதில் நூல் கோக்கும் டெய்லருக்கும், ஓட்டையும் கறையும் தேடும் செக்கிங் ஆளுக்கும் கண்ணாடி எவ்வளவு அவசியம் என்று யோசியுங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

முதல் வாரம் ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். மூன்று காரியம் போதும். கடந்த 12 மாத விடுப்புப் பதிவேட்டை எடுத்து எந்த லைன், எந்த மாதம், எந்தக் கிழமை என்று பிரித்துப் பாருங்கள். முதலுதவிப் பதிவேட்டில் தலைவலி, மயக்கம், வயிற்று வலி, ஊசிக் காயம் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு மதியம் 2 மணிக்கும், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு 7 மணிக்கும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். காலை 9 மணிக்கு எல்லா ஃப்ளோரும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சுற்றில் சூட்டை முதலில் கவனியுங்கள். மேலே தகரக் கூரை, அயர்னிங் டேபிளில் நீராவி, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளில் கம்பளி மாதிரி படிந்த பஞ்சு என்று பல கம்பெனிகளில் ஒரே காட்சிதான். ஃபேனை வாரம் ஒருமுறை துடைப்பது, கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு, நீராவிக் குழாய்க்கு உறை, அயர்னிங்கை ஃப்ளோரின் நடுவிலிருந்து வெளிச்சுவர் ஓரத்துக்கு நகர்த்துவது ஆகிய நான்கும் சேர்ந்தாலே மதிய நேரத்து மயக்கம் குறையும். அயர்னிங்கில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே முழு ஷிப்ட் நிறுத்தக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு தினமும் அதே அளவு கூட்டுவது என்பது வழக்கமான முறை. சூட்டில் வேலை செய்பவருக்கு 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். வியர்த்துக் கொட்டும் ஆளின் பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் புரியாமல் விழித்தாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

பாத்ரூமுக்கு இஷ்டத்துக்குப் போக விட்டா புரொடக்‌ஷன் அடி வாங்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பேர் லைனில் ஒவ்வொருவரும் இப்போது போவதைவிட இரண்டு முறை கூடுதலாக, தலா 5 நிமிடம் போகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். பல மிஷினும் ஓட்டத் தெரிந்த ஒரே ஒரு மாற்று ஆள் இதைத் தாங்குவார், மீதி நேரம் ரிப்பேர் பீஸ் பார்ப்பார்.

அடக்கிக்கொண்டு உட்காரும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். தண்ணீரைக் குறைப்பார்கள், அதனால் தொற்று கூடும். பிறகு காய்ச்சல், இரண்டு நாள் லீவு. லைனில் ஒரு பேட்லாக் (ஃப்ளாட்லாக் மிஷின்) டெய்லர் இரண்டு நாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டோக்கனை எடுத்துவிடுங்கள். 25 பெண்களுக்கு ஒரு கழிவறை என்ற கணக்கு உங்களிடம் சரியாக இருக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் விழுகிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா, மாலையிலும் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கூட்டம் இல்லாத கழிவறைக்குப் போய்வர 5 நிமிடம் போதும். வரிசையில் நின்றால்தான் 15 நிமிடம் ஆகும், பழி அந்தப் பெண் மேல் விழும்.

முதுகு வலி, கழுத்து வலின்னு எல்லாரும் சொல்றாங்க. சேர் மாத்தினா சரியாயிடுமா?

பாதி சரியாகும். சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து முன்னால் குனிந்தே எட்டு மணி நேரம் தைத்தால் வலிக்காத முதுகு இல்லை. முதுகுச் சாய்மானமும் உயரம் மாற்றும் வசதியும் உள்ள நாற்காலி வேண்டும். அளவை ஆளை உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும்: பாதம் முழுதும் பெடலில் படிய, தொடை தரைக்குச் சமமாக இருக்க, துணியைப் பிடிக்கும்போது தோள்பட்டை தூக்கிக்கொள்ளாமல் முழங்கை மேஜை உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு மேஜை உயரத்தை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உயரம் மாற்றும் லீவர் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தராததால், புது நாற்காலியும் கடைசிவரை ஒரே உயரத்தில் நிற்கும்.

மீதிப் பாதி வெளிச்சத்திலும் அசைவிலும் இருக்கிறது. ஊசி முனை தெரியாவிட்டால் டெய்லர் குனியத்தான் செய்வார். வெளிச்சத்தின் அளவு லக்ஸ்: தைக்கும் இடத்துக்கு 750 லக்ஸ், செக்கிங்குக்கு 1000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். நின்றுகொண்டே செக்கிங் பார்ப்பவர்களுக்குக் காலடியில் மெத்தென்ற விரிப்பும், ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சிறு பலகையும், இடையிடையே உட்கார ஓர் இருக்கையும் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாகவே கொண்டுவந்தது. அது தொழிற்சாலைக்குப் பொருந்தாது என்றாலும் கால் வலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேம்ப் போட்டா என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?

யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்த டெஸ்டை மட்டும் எடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கண் பார்வை, உயரம், எடை போதும். ஈ.சி.ஜி., முழு ரத்தப் பரிசோதனை என்று 30 பக்க ரிப்போர்ட் கொடுத்தால் யாரும் படிக்கப் போவதில்லை. நேரமும் பெரிய செலவு: 200 பேருக்குத் தலா 15 நிமிடம் என்றாலே 50 மணி நேர வேலை நேரம் போகிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்யும் இடத்துக்கே வந்து பரிசோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எடுக்கும் விதத்தில்தான் தவறு நடக்கும். மிஷினிலிருந்து எழுந்து ஓடிவந்தவுடன் பிரஷர் பார்த்தால் அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, அரை மணிக்குள் டீ குடிக்காதவராகப் பார்த்து எடுக்க வேண்டும். 140/90-க்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் எடுத்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்த சர்க்கரை 140-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க அனுப்புங்கள். ஹீமோகுளோபினுக்கு விரலைக் குத்தி முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். வரிசை நீளும்போது இந்தப் பிழிதல்தான் முதலில் ஆரம்பிக்கும். நாப்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துச் சோதனையை விட்டுவிடாதீர்கள். காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

பாதிப் பொண்ணுங்களுக்கு ரத்தம் கம்மின்னு வருது. மாத்திரை குடுத்தா குப்பைல போடறாங்க. என்ன பண்றது?

பாதி என்பது வியப்பில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையானது, அவரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலையிலேயே களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியத்துக்கு மேல் தலை சுற்றல் எல்லாம் இதனால் வருபவை. இவர்களைத்தான் 'சோம்பேறி' என்று லைனில் திட்டுகிறார்கள்.

மாத்திரையைத் தூக்கிப் போடக் காரணம் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுப்பாகும், சிலருக்குக் கட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் 'மாத்திரை ஒத்துக்கலை' என்று முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது வழக்கம், பயப்பட வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் இரும்புச்சத்து உடம்பில் ஏறாது. 11 மணி டீயோடு மாத்திரை விநியோகிக்கும் கம்பெனிகள் பணத்தை டீயில் கரைக்கின்றன. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூடச் சேர்ந்தால் நன்றாக ஏறும்.

அரசுத் திட்டத்தில் ரத்தசோகை வராமல் தடுக்க வாரம் ஒரு மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ரத்தசோகை வந்துவிட்டவர்களுக்குத் தினசரி அளவை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் ஏறும். ஏறாவிட்டால் அளவைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். சாப்பிடவே இல்லையா, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, குடற்புழுவா, பி12 குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியாவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அளவு சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டும். இரண்டாவது டெஸ்ட் இல்லாத ரத்தசோகைத் திட்டம் பாதியில் நிறுத்திய திட்டம்தான்.

வயித்து வலின்னு வந்தா ஒரு மாத்திரை குடுத்து உட்கார வெச்சுடறோம். தப்பா?

தப்பு. 2019-இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது செய்தியாக வெளிவந்தது. அந்தப் பெண்களில் பலருக்குத் தாங்கள் என்ன மருந்து சாப்பிட்டோம் என்றே தெரியவில்லை. சூப்பர்வைசர் கையில் மாத்திரை இருக்கவே கூடாது. செவிலியரோ மருத்துவரோ கொடுக்க வேண்டும். பெயர், அளவு, தேதி தெரியும் உறையோடு கொடுத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும்.

ஓய்வறையில் அரை மணி நேரம் படுக்கை, வெந்நீர்ப் பை, சூடாக ஏதாவது குடிக்க, இவ்வளவு இருந்தாலே பலர் திரும்பி வந்து உட்காருவார்கள். மாதாமாதம் வேலை செய்ய முடியாத அளவு வலிப்பவரையும், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு நாப்கின் நனைபவரையும் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். முந்தைய பதிலில் சொன்ன, அளவு ஏறாத ரத்தசோகைக்கு அதிக ரத்தப்போக்கு ஒரு முக்கியக் காரணம்.

டெஸ்ட் ரிசல்ட்ட எங்க எச்.ஆர். பாக்கலாமா? நாங்கதானே செலவு பண்றோம்?

பெயரோடு பார்க்கக் கூடாது. முடிவு அந்த ஆளின் கைக்கும் மருத்துவர் கைக்கும் மட்டும் போக வேண்டும். கம்பெனிக்கு எண்ணிக்கை போதும்: இத்தனை பேருக்குப் பிரஷர், இத்தனை பேருக்கு ரத்தசோகை. பத்துப் பேர்கூட இல்லாத பிரிவுக்கு எண்ணிக்கையும் தனியாகக் கொடுக்க வேண்டாம், யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால் அல்லது கர்ப்பம் என்று தெரிந்து ஒரு பெண்ணை லைன் மாற்றினால், செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா ஃப்ளோருக்கும் போய்விடும். அடுத்த கேம்புக்கு யாரும் வர மாட்டார்கள். கர்ப்பப் பரிசோதனையைக் கேம்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஈ.எஸ்.ஐ. கட்டறோமே, அது போதாதா?

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடுதான் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு, ஆனால் பயன்படுத்தத் தெரியாமல் பணம் மட்டும் கட்டுகிறோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். இந்த 78 நாள் கணக்கு தெரியாமல்தான் பலர் இழக்கிறார்கள். அட்டை வாங்கித் தருவது, குடும்பத்தார் பெயர் சேர்ப்பது, ஆதார் பெயரில் எழுத்துப் பிழை திருத்துவது ஆகியவற்றுக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். வடமாநிலத் தொழிலாளர்களின் குடும்பம் ஊரில் இருந்தால், அங்கேயே மருந்தகம் பதிவு செய்துகொள்ளலாம் என்பதை அவர்கள் மொழியில் சொல்லுங்கள். அறிவிப்பு தமிழில் மட்டும் இருந்தால் ஒடியாவும் இந்தியும் பேசுபவர்களுக்கு அந்தத் திட்டமே இல்லை.

மனசு சம்பந்தமா ஏதாச்சும் பண்ணனும்னு பையர் கேக்கறாங்க. கவுன்சிலர் வெக்கணுமா?

முதலில் சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுங்கள். எல்லோர் முன்னாலும் பீஸைத் தூக்கி எறிந்து கத்தும் லைனில், மாதம் ஒருமுறை வரும் கவுன்சிலரால் ஒன்றும் ஆகாது. தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது, டார்கெட் ஏன் மாறியது என்று காலையிலேயே சொல்வது, கெட்ட வார்த்தை கூடவே கூடாது என்று எழுதி ஒட்டுவது ஆகியவை பயிற்சியின் பாதிப் பாடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அதன் உறுப்பினர்கள் யார் என்று லைனில் கேட்டால் பெண்களுக்குத் தெரிய வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், இலவசம். கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அங்கே நின்று படித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பீஸ் ரேட் ஆளுங்க கேம்புக்கு எழுந்தே வர மாட்டேங்கறாங்க.

தைக்கும் பீஸ் எண்ணிக்கைக்குத்தான் அவருக்குக் கூலி. எழுந்தால் காசு போகிறது, எப்படி வருவார்? அந்த 15 நிமிடத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது பதிலில் சொன்ன மாற்று ஆளையும் அந்த நாளில் பயன்படுத்துங்கள். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்திலும், சனிக்கிழமை சம்பள நாளிலும் கேம்ப் வைக்காதீர்கள்.

எங்களுது நாப்பது பேர் யூனிட்டு. இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

மருத்துவர், செவிலியர் எல்லாம் தனியாக வைக்க முடியாதுதான். பக்கத்து நான்கு ஐந்து யூனிட்டுகள் சேர்ந்து வாரம் இரண்டு நாள் ஒரு செவிலியரைப் பகிர்ந்துகொள்ளலாம். சூடு, தண்ணீர், கழிவறை, நாற்காலி, கெட்ட வார்த்தை ஆகியவற்றைச் சரிசெய்வது சின்ன யூனிட்டில்தான் சுலபம், முதலாளியே ஃப்ளோரில் நிற்கிறார்.

செலவு பண்ணினதுக்கு லாபம் வந்துச்சான்னு எப்படிக் கணக்குப் பாக்கறது?

300 பேர், மாதம் 26 நாள் என்றால் 7,800 ஆள்நாள். விடுப்பு 10 சதவீதத்திலிருந்து 9-ஆகக் குறைந்தால் மாதம் 78 ஆள்நாள் மிச்சம். ஒரு ஆள்நாளுக்கு உங்களுக்கு என்ன நிற்கிறது என்று கணக்காளரிடம் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அக்டோபரை நவம்பரோடு ஒப்பிடாதீர்கள். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, சித்திரைக் கல்யாணங்கள் எல்லாம் விடுப்பை ஆட்டும். போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் இரண்டு லைனில் மட்டும் முதலில் தொடங்கி, மற்ற லைன்களோடு ஆறு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா லைனிலும் ஒரே நாளில் தொடங்கிவிட்டால் எது திட்டத்தால் வந்தது, எது சீசனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை, ஆல்டர் பீஸ் (தவறாகத் தைத்து, திருத்த வேண்டிய பீஸ்) சதவீதம், முதலுதவிப் பதிவு ஆகியவற்றையும் பாருங்கள். முதலுதவிப் பதிவு முதல் மூன்று மாதத்தில் கூடத்தான் செய்யும். முன்பு சொல்லப் பயந்தவர்கள் இப்போது வந்து சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

லீவே போடாம வர்றவங்களுக்குப் பரிசு குடுத்தா திட்டத்துக்கு உதவியா இருக்குமில்ல?

எதிராக வேலை செய்யும். மாதம் முழுக்க வந்தால் வருகைப் படி, ஒரு நாள் விட்டால் மொத்தமும் போச்சு என்று வைத்தால், காய்ச்சலோடும் கண் நோயோடும் வந்து உட்காருவார்கள். மெட்ராஸ் ஐ சீசனில் ஒருவர் வந்தால் வாரத்துக்குள் பாதி லைன் கண் சிவந்து நிற்கும். விடுப்புப் பதிவேட்டில் அந்த மாதம் அழகாகத் தெரியும், ஆல்டர் பீஸ் கூடையில்தான் உண்மை தெரியும்.

வருகைப் படியை நிறுத்த முடியாது என்றால் உடைத்துக் கொடுங்கள்: மாதத்துக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று கொண்டுவரும் நாட்களை 'வராத நாள்' கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த மாற்றத்தை அறிவிக்கும்போது சூப்பர்வைசர்களுக்கு முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் சான்றோடு வருபவரிடம் முகம் சுளிப்பவரும் அவர்தான், அவருக்குத் தரும் ஊக்கத்தொகையும் லைன் வருகையை வைத்தே இருக்கும். அதையும் கூடவே மாற்ற வேண்டும்.